கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்குக் காரா, அறையா? செண்டாயான் குடும்பங்கள் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

எஸ்.பி.எம். முடிவும் எஸ்.டி.பி.எம். முடிவும் வந்து, கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது என்ற கடிதம் வீட்டுக்கு வந்ததும் முதலில் பேசப்படுவது படிப்புக் கட்டணம். அடுத்ததாக எழும் கேள்வி, பிள்ளை அங்கேயே தங்குவதா, தினமும் போய்வருவதா என்பது. போய்வருவது என்றால் எதில்? மோட்டாரிலா, காரிலா?

கட்டணத்துக்குப் பி.டி.பி.டி.என். கடனுதவி இருக்கிறது, மாநில அரசின் உதவி இருக்கிறது, விண்ணப்பம் எழுதித் தர ஆளும் இருக்கிறார்கள். தங்குமிடத்துக்கும் வாகனத்துக்கும் அப்படி யாரும் கணக்குப் போட்டுத் தருவதில்லை. பல குடும்பங்களில் இந்த முடிவு ஒரே வாரத்தில், யாரோ ஒரு கார் வியாபாரி சொன்ன மாதத் தவணையை வைத்து எடுக்கப்படுகிறது. அந்தக் கையெழுத்தின் பாரம் ஐந்து, ஏழு, ஒன்பது ஆண்டுகளுக்குக் குடும்பத்தின் மேல் நிற்கிறது.

செண்டாயான் வட்டாரத்தில் இந்தக் கேள்வி ஏன் கடினம்?

நெகிரி செம்பிலானில் ரப்பரும் செம்பனையும் நின்ற செண்டாயான், இன்று பண்டார் ஸ்ரீ செண்டாயான் என்ற புது நகரம். மெட்ரிக்ஸ் கான்செப்ட்ஸ் நிறுவனம் கட்டிய தாமான்கள், செண்டாயான் டெக்வேலி தொழிற்பேட்டை, ஹீனோ லாரித் தொழிற்சாலை, விமானப்படைத் தளம் என்று இடமே மாறிவிட்டது. ஆனால் சுற்றுவட்டாரத்தில், ரந்தாவ், மம்பாவ், லாபு பக்கங்களில் தோட்டங்கள் இன்னும் இருக்கின்றன. தோட்டத்தில் வேலை செய்யும் அப்பாவும், தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலைக்குப் போகும் அம்மாவும், கல்லூரிக்குப் போகும் பிள்ளையும் ஒரே வீட்டில் இருப்பது இங்கே சாதாரணம்.

உயர்கல்விக்கூடங்கள் தூரத்தில் இல்லை. நீலாயில் இந்தி அனைத்துலகப் பல்கலைக்கழகம், நீலாய் பல்கலைக்கழகம், மலேசிய இஸ்லாமிய அறிவியல் பல்கலைக்கழகம் ஆகியவை இருக்கின்றன. சிரம்பான் 3-இல் யு.ஐ.டி.எம். வளாகம் உள்ளது. போர்ட்டிக்சனிலும் நீலாய் பக்கத்திலும் போலிடெக்னிக் உண்டு. இவை எல்லாமே ‘போய்வரலாம்’ என்று நினைக்கத் தோன்றும் தூரத்தில்தான் இருக்கின்றன. அதனால்தான் முடிவு எடுப்பது கடினம். பினாங்கிலோ ஜொகூரிலோ இடம் கிடைத்திருந்தால் விடுதி என்று கேள்வியே இல்லாமல் முடிந்திருக்கும்.

செண்டாயானில் ரயில் நிலையம் இல்லை. கே.டி.எம். கொமுட்டர் ரயில் சிரம்பான், தீரோய், லாபு, நீலாய் வழியாகக் கோலாலம்பூருக்குப் போகிறது. செண்டாயான்காரர்கள் சிரம்பான் அல்லது லாபு நிலையம் வரை வேறு வண்டியில் போய்த்தான் ரயில் ஏற வேண்டும். சிரம்பானைச் சுற்றி அரசாங்க ஆதரவில் ஓடும் பேருந்துகள் உண்டு என்றாலும், தோட்டத்துக்குள் அவை வருவதில்லை. காலை எட்டு மணி வகுப்புக்கும் இரவு ஏழு மணிக்கு முடியும் வகுப்புக்கும் பேருந்து நேரம் பொருந்துகிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

வருமானத்திலிருந்து தொடங்க வேண்டும்

2025-ஆம் ஆண்டு முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு போனால் கைக்கு வருவது ஏறக்குறைய 1,500 ரிங்கிட். இருவர் வேலை செய்தால் 3,000. இந்த வருமானத்தில் 400 ரிங்கிட் கார் தவணை என்பது ஒருவரின் கைச்சம்பளத்தில் கால் பங்குக்கும் மேல். பெட்ரோலும் காப்புறுதியும் அதற்குள் வராது.

மற்றவர்களுக்கு இல்லாத ஒரு கணக்கும் தோட்டக் குடும்பங்களுக்கு இருக்கிறது. தோட்டத்து வீடு வேலையோடு வருவது. வேலை ஓய்ந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அப்பாவுக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருந்தால், சொந்த வீட்டுக்கு முன்பணம் சேர்க்க எஞ்சியிருப்பது சில ஆண்டுகளே. அந்தச் சமயத்தில் அவர் பெயரில் ஒரு கார் கடன் ஏறினால், வீட்டுக் கடனுக்கு வங்கி கணக்குப் பார்க்கும்போது கார் தவணையைக் கழித்துவிட்டுத்தான் மிச்ச வருமானத்தைப் பார்க்கும். மலிவு வீட்டுத் திட்டத்தில் பெயர் வந்தும் வங்கிக் கடன் கிடைக்காமல் போவதற்கு இது ஒரு காரணம். பிள்ளையின் கார் அப்பாவின் வீட்டோடு மோதும் இடம் இதுதான்.

சேமநிதியில் 2024 மே மாதம் முதல் எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய ‘ஃபிளெக்சிபல்’ கணக்கு இருப்பதால், கார் முன்பணத்துக்கு அதில் கைவைப்பது சுலபமாகிவிட்டது. பிள்ளையின் படிப்புக் கட்டணத்துக்கு ‘செஜாத்ரா’ கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தனி வழி உண்டு. சேமநிதியைத் தொட்டே ஆக வேண்டும் என்றால் அதைப் படிப்புக்குத் தொடுவது மேல். காரின் விலை ஆண்டுக்கு ஆண்டு இறங்கிக்கொண்டே போகும்.

முதல் வழி: வளாக விடுதி

அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவர்களுக்குப் பெரும்பாலும் விடுதியில் இடம் தரப்படுகிறது. வெளி வாடகையோடு ஒப்பிட்டால் விடுதிக் கட்டணம் மிகக் குறைவு. தண்ணீர், மின்சாரம், இணையம் எல்லாம் அதற்குள் வந்துவிடும். வகுப்புக்கு நடந்தே போகலாம். ‘வீடு பக்கம்தானே’ என்று இந்த இடத்தை வேண்டாம் எனச் சொல்லும் முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும். ஒருமுறை விட்டுக்கொடுத்த இடம் அடுத்த ஆண்டு கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

தனியார் கல்லூரி விடுதிகளில் கட்டணம் கூடுதல். ஒரு பருவத்துக்கு மொத்தமாகவும் கேட்பார்கள். இங்கே பி.டி.பி.டி.என். பணம் எப்போது கைக்கு வரும் என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். கடனுதவியிலிருந்து முதலில் கல்லூரிக் கட்டணம் கழிக்கப்படும், மிச்சம்தான் மாணவருக்கு. அதுவும் பருவம் தொடங்கிச் சில வாரங்கள் ஆன பிறகே வரும். ஆகவே முதல் இரண்டு மாதச் செலவுக்குக் கையில் ரொக்கம் இருக்க வேண்டும். கடனுதவியை எதிர்பார்த்துக் கார் தவணையைத் தொடங்கினால் முதல் இரண்டு தவணையே தவறிப்போகும். பி.டி.பி.டி.என். பணமும் இனாம் அல்ல. 1 விழுக்காட்டுச் சேவைக் கட்டணத்தோடு திருப்பிக் கட்ட வேண்டிய கடன் அது.

இரண்டாவது வழி: வெளியில் அறை

நீலாயிலும் சிரம்பான் 3 பக்கத்திலும் மாணவர்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து ஒரு வீட்டையோ அடுக்குமாடியையோ வாடகைக்கு எடுப்பது வழக்கம். இதில் பெற்றோரைத் தடுமாற வைப்பது மாத வாடகையைவிட முதல் நாள் கட்ட வேண்டிய தொகை. பொதுவாக இரண்டு மாத வாடகை வைப்புத் தொகை, அரை மாத வாடகை தண்ணீர் மின்சாரத்துக்கு வைப்பு, முதல் மாத வாடகை ஆகிய மூன்றும் சேர்த்துக் கேட்பார்கள்.

கணக்குக்காக வாடகை 1,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். வைப்பு 2,000, மின்சாரத் தண்ணீர் வைப்பு 500, முதல் மாதம் 1,000. மொத்தம் 3,500 ரிங்கிட். நால்வர் பகிர்ந்தால் ஆளுக்கு 875. இதில் 625 ரிங்கிட் வைப்புத் தொகை. வீட்டை ஒழுங்காக ஒப்படைத்தால் திரும்ப வர வேண்டிய பணம் அது.

அது திரும்ப வராமல் போவதற்குத்தான் மாணவர்கள் அதிகம் அழுகிறார்கள். அதைத் தவிர்க்கச் சில வேலைகளை முதல் நாளே செய்துவிட வேண்டும்.

முதலாவது, எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதற்கு முத்திரை வரி கட்டியிருக்க வேண்டும். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. கையெழுத்தான 30 நாட்களுக்குள் உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் இணைய முறையிலேயே முத்திரை இட்டுவிடலாம்.

இரண்டாவது, 18 வயது நிரம்பாத மாணவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட முடியாது. பெற்றோர் கையெழுத்திட வேண்டும். நால்வர் தங்கும் வீட்டுக்கு ஒருவர் பெயரில் மட்டும் ஒப்பந்தம் இருந்தால், மற்ற மூவர் பாதியில் ஓடிப்போனாலும் முழு வாடகைக்கும் அவரே பொறுப்பு. நான்கு பெயரும் இருக்க வேண்டும்.

மூன்றாவது, வீட்டுக்குள் நுழைந்த அன்றே சுவர், கழிவறை, மீட்டர், மின்விசிறி, கதவுப் பூட்டு எல்லாவற்றையும் தேதி தெரியப் படம் எடுத்து, உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டும். காலி செய்யும் நாளில் ‘இதை நீங்கள்தான் உடைத்தீர்கள்’ என்ற பேச்சுக்கு இதுவே பதில்.

நான்காவது, வீட்டை நேரில் பார்க்காமல் ஒரு சென்னும் அனுப்பக்கூடாது. கல்லூரி சேர்க்கை நேரத்தில் வேறு யாருடைய வீட்டுப் படத்தையோ காட்டி, ‘இன்று முன்பணம் போட்டால்தான் அறை’ என்று அவசரப்படுத்தும் மோசடிகள் நடக்கின்றன.

வாடகைக்கு விடுபவரோடு தகராறு வந்தால் எங்கே போவது? நம் நாட்டில் குடியிருப்பு வாடகைக்கென்று தனிச் சட்டம் இன்னும் வரவில்லை. ஆனாலும் 1950-ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின்படி, நீதிமன்ற உத்தரவு இல்லாமல் உரிமையாளர் தன் இஷ்டத்துக்குப் பூட்டை மாற்றி ஆளை வெளியேற்ற முடியாது. வைப்புத் தொகை திரும்ப வராவிட்டால், 5,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை வழக்கறிஞர் இல்லாமலேயே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவில் பதிவு செய்யலாம்.

நம் பிள்ளைகள் சந்திக்கும் இன்னொரு கசப்பும் உண்டு. ‘இந்தியர்களுக்கு இல்லை’ என்று வாடகை விளம்பரத்திலேயே போடுகிறார்கள், அல்லது பெயரைக் கேட்டதும் ‘வீடு போய்விட்டது’ என்கிறார்கள். இதைத் தடுக்கும் சட்டம் இன்னும் இல்லை. கல்லூரியின் மாணவர் நலப் பிரிவு வைத்திருக்கும் வீட்டுப் பட்டியல், மூத்த மாணவர்கள் காலி செய்யும் வீடு, இந்திய மாணவர் சங்கம் ஆகியவற்றின் வழியாகத் தேடுவது அலைச்சலைக் குறைக்கும். மூன்று மாதம் முன்பே தேடத் தொடங்குவது நல்லது. கடைசி வாரத்தில் தேடுபவருக்குக் கிடைப்பது யாருக்கும் வேண்டாத அறைதான்.

மூன்றாவது வழி: மோட்டாரில் போய்வருவது

செலவை மட்டும் பார்த்தால் மோட்டாரை எதுவும் வெல்ல முடியாது. ஒரு வழிக்கு 25 கிலோமீட்டர், மாதம் 22 நாள் என்றால் மொத்தம் 1,100 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் சின்ன மோட்டாருக்கு ஏறக்குறைய 24 லிட்டர் போதும். 2025 செப்டம்பர் 30-இல் தொடங்கிய புடி95 திட்டத்தின் தொடக்க விலையான 1.99 ரிங்கிட்டில் போட்டால் மாதம் 49 ரிங்கிட். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மோட்டாருக்கு டோல் இல்லை. ஹோண்டா இ.எக்ஸ்.5 போன்ற வண்டி புதிதாகவே 5,000 ரிங்கிட்டைச் சுற்றித்தான். காப்புறுதி, சர்வீஸ் எல்லாம் சேர்த்தாலும் மாதம் 100 ரிங்கிட்டுக்குள் அடங்கும்.

ஆனால் நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டாரில் போனவர்கள். அதில் இளைஞர்கள் ஏராளம். நம் சமூகத்தில் மோட்டார் விபத்தில் பிள்ளையை இழக்காத தோட்டம் இல்லை என்றே சொல்லலாம். ஆகவே ‘மலிவு’ என்ற ஒரே காரணத்துக்காக தினமும் 50 கிலோமீட்டர், லாரிகள் ஓடும் சாலையில், மழையிலும் இரவிலும் பிள்ளையை அனுப்புவது சரியான கணக்கு அல்ல.

இதற்கு ஒரு நடுவழி உண்டு. வீட்டிலிருந்து ரயில் நிலையம் வரை மட்டும் மோட்டார், அங்கிருந்து நீலாய்க்கு கொமுட்டர். ஆபத்தான நீண்ட பகுதியை ரயில் பார்த்துக்கொள்ளும். மாணவர் சலுகைக் கட்டணம் பற்றி நிலைய முகப்பில் கேட்டுக்கொள்ளலாம். நீலாய் நிலையத்திலிருந்து வளாகத்துக்குக் கல்லூரிப் பேருந்து உண்டா, எத்தனை மணி வரை என்பதையும் சேர்வதற்கு முன்பே கேட்க வேண்டும். ரயில் ஒன்று தவறினால் அடுத்தது வரக் காத்திருக்க நேரிடும். அதற்குத் தகுந்தபடி வீட்டை விட்டுக் கிளம்பும் பழக்கம் வேண்டும்.

நான்காவது வழி: கார்

கார் வேண்டவே வேண்டாம் என்பதல்ல. மாலையில் பகுதிநேர வேலை, மருத்துவமனைப் பயிற்சி, இரவு வகுப்பு, வீட்டில் நோயாளி என்று நியாயமான காரணங்கள் உண்டு. பெண் பிள்ளையை இரவில் பேருந்து நிறுத்தத்தில் நிற்க வைக்கப் பெற்றோருக்கு மனம் வராது. அப்படி வாங்குவதென்றால் எதைப் பார்த்து வாங்குவது என்பதுதான் கேள்வி.

முதலில் உரிமம். இப்போது பலர் தானியங்கி காருக்கான டி.ஏ. உரிமம் மட்டுமே எடுக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு கியர் காரை ஓட்ட முடியாது. மலிவான பழைய கார்களில் பல கியர் வண்டிகள். 2023-இல் 22,000 ரிங்கிட்டுக்கு வந்த பெரோடுவா ஆக்சியாவின் அடிப்படை மாடலும் கியர் வண்டியே. உரிமம் எடுக்கும்போதே டி. எடுத்துவிட்டால் தேர்வு விரியும்.

அடுத்தது இயந்திரத்தின் அளவு. தீபகற்பத்தில் தனியார் காருக்குச் சாலை வரி 1,000 சி.சி. வரை ஆண்டுக்கு 20 ரிங்கிட். 1,001 முதல் 1,200 வரை 55. 1,201 முதல் 1,400 வரை 70. 1,401 முதல் 1,600 வரை 90. அதற்கு மேல் போனால் 200 ரிங்கிட்டைத் தாண்டும். கஞ்சில், விவா, ஆக்சியா எல்லாம் 20 ரிங்கிட் வகை. 1.3 சாகாவும் 1.3 மைவியும் 70. சின்ன இயந்திரத்துக்குப் பெட்ரோலும் குறைவு, உதிரிப்பாகம் எந்தப் பட்டறையிலும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கை வைப்பார். ‘அதே விலைக்குப் பெரிய கார் தருகிறேன்’ என்று வியாபாரி காட்டும் பழைய வெளிநாட்டு கார் இந்த இடத்தில்தான் கவிழ்க்கும். வாங்கும் விலை ஒன்றாக இருக்கலாம், வைத்திருக்கும் விலை ஒன்றல்ல.

மூன்றாவது காப்புறுதி. விபத்துக் கோரிக்கை செய்யாமல் ஓட்டினால் கிடைக்கும் என்.சி.டி. கழிவு முதல் ஆண்டுக்குப் பின் 25 விழுக்காடு, ஐந்தாவது ஆண்டுக்குப் பின் 55 விழுக்காடு. புதிதாகப் பெயர் பதியும் மாணவருக்கு அது பூஜ்யத்தில் தொடங்கும். அதனால்தான் பலர் காரை அப்பா பெயரிலேயே வைக்கிறார்கள். அப்படிச் செய்தால், ஓட்டப்போகும் பிள்ளையின் பெயரைக் காப்புறுதியில் சேர்த்திருக்க வேண்டும். 21 வயதுக்குக் குறைந்தவர், ‘பி’ உரிமம் வைத்திருப்பவர், பெயர் குறிப்பிடப்படாதவர் ஓட்டி விபத்து நடந்தால், பழுதுச் செலவில் முதல் 400 ரிங்கிட்டை நாமே கட்ட வேண்டியிருக்கும்.

தவணையின் உண்மை முகம்

கார் கடனில் வட்டி, முழுத் தொகைக்கும் முழுக் காலத்துக்கும் முதல் நாளே போடப்படும் நிலையான வட்டியாகவே இதுவரை இருந்து வந்திருக்கிறது. 18,000 ரிங்கிட் கடன், 4.5 விழுக்காடு, 5 ஆண்டு என்றால் வட்டி 4,050. மொத்தம் 22,050. மாதம் 367 ரிங்கிட் 50 சென். அதே கடனை 9 ஆண்டுக்கு இழுத்தால் தவணை 234 ரிங்கிட்டுக்கு இறங்கும். பார்க்க இனிப்பாக இருக்கும். ஆனால் வட்டி மட்டும் 7,290 ரிங்கிட் ஆகிவிடும். மேலும், வாங்கும்போதே பழையதாக இருந்த கார், ஒன்பதாவது ஆண்டில் என்ன நிலையில் இருக்கும்?

இப்போது மாதச் செலவை வரிசையாக வைத்துப் பார்க்கலாம். இவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட தொகைகள். ஒவ்வொரு குடும்பமும் தன் தொகையைப் போட்டுக்கொள்ளலாம்.

கார்: தவணை 367, பெட்ரோல் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கணக்கில் 146, காப்புறுதியும் சாலை வரியும் மாதத்துக்கு 75, சர்வீஸ், டயர், பேட்டரி 80. மொத்தம் ஏறக்குறைய 668 ரிங்கிட். டோலும் வாகன நிறுத்தக் கட்டணமும் தனி.

வெளி அறை: வாடகைப் பங்கு 250 முதல் 300, தண்ணீர் மின்சாரம் இணையம் 40, வார இறுதியில் வீட்டுக்கு வர 40, வீட்டுச் சாப்பாட்டுக்குப் பதில் வெளியில் சாப்பிடுவதற்குக் கூடுதலாக 200. மொத்தம் 530 முதல் 580 ரிங்கிட்.

மோட்டார், அல்லது மோட்டாரும் ரயிலும்: 100 ரிங்கிட்டும் அதன் மேல் ரயில் கட்டணமும்.

அறைக்கும் காருக்கும் மாதக் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். வித்தியாசம் முடிவில் இருக்கிறது. மூன்றாண்டுப் படிப்பு முடிந்த நாளில் அறைச் செலவு நின்றுவிடும், வைப்புத் தொகையும் திரும்பும். கார் தவணை நிற்காது. ஐந்தாண்டுக் கடனில் இன்னும் 24 மாதம், அதாவது 8,820 ரிங்கிட் பாக்கி இருக்கும். வேலை கிடைக்காத மாதங்களிலும் அது கேட்டுக்கொண்டே இருக்கும். கையில் ஒரு கார் மிச்சம் இருக்கும் என்பதும் உண்மைதான். அந்தக் காரின் அன்றைய சந்தை விலை பாக்கிக் கடனைவிட அதிகமாக இருந்தால்தான் அது சொத்து.

பழைய கார் வாங்கும்போது

ரொக்கத்துக்கு ஐந்தாறாயிரம் ரிங்கிட்டில் பழைய கஞ்சிலோ விவாவோ வாங்குவது, கடனில் புதிய கார் வாங்குவதைவிடப் பல மாணவர்களுக்குப் பொருத்தமானது. ஆனால் வியாபாரியின் ஆளைத் தவிர்த்து, தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். இருக்கைக்கு அடியிலும் விரிப்புக்கு அடியிலும் சேறு, துரு இருந்தால் அது வெள்ளத்தில் மூழ்கிய கார். பெயர் மாற்றத்துக்குப் பி5 பரிசோதனையும், கடனில் வாங்கினால் பி7 பரிசோதனையும் அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் நடந்திருக்க வேண்டும். பழைய சம்மன்கள், தடைப்பட்டியல் இருக்கிறதா என்று பணம் கைமாறும் முன் பார்க்க வேண்டும். பெயர் மாற்றம் முடியாமல் முழுப் பணத்தையும் கொடுக்கக் கூடாது. வியாபாரியிடம் வாங்கி ஏமாந்தால், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி, 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைப் பதிவு செய்யலாம்.

‘சம்போங் பாயார்’ பக்கமே போகக்கூடாது. ஒருவர் கடனில் வாங்கிய காரை அவர் பெயரிலேயே வைத்துக்கொண்டு, மிச்சத் தவணையை இன்னொருவர் கட்டி ஓட்டுவது இது. முன்பணம் குறைவு, வங்கி அனுமதி தேவையில்லை என்பதால் மாணவர்களை இழுக்கிறது. கடன் முடியும்வரை கார் வங்கியின் உடைமை. அதை இப்படிக் கைமாற்றுவது 1967-ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டப்படி குற்றம். எத்தனை தவணை கட்டினாலும் கார் உங்கள் பெயருக்கு வராது. விபத்தானால் காப்புறுதித் தொகை வேறொருவருக்குப் போகும். பெயரைக் கொடுத்தவர் தவணையை விழுங்கிவிட்டால், ஒரு நாள் காலையில் கல்லூரி வாசலிலிருந்தே காரை இழுத்துக்கொண்டு போவார்கள்.

ஜாமீன் கையெழுத்து

பிள்ளை பெயரில் கடன் என்றால் வங்கி உத்தரவாதி கேட்கும். மாமாவோ அண்ணனோ கையெழுத்துப் போடுவார். 2017-இல் திவால் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, லாபம் இல்லாமல் சொந்த உபயோகக் காருக்கு ஜாமீன் நிற்பவரைத் திவாலாக்க முடியாது. ஆனாலும் வங்கி அவர் மீது வழக்குப் போடலாம், பணத்தைக் கேட்கலாம். கடன் வாங்கியவர் தவணை தவறுவது பேங்க் நெகாராவின் சி.சி.ஆர்.ஐ.எஸ். பதிவில் ஏறும். படிப்பை முடித்து முதல் வீட்டுக்கு விண்ணப்பிக்கும் நாளில் அந்தப் பதிவு முன்னால் வந்து நிற்கும்.

தவணை கட்ட முடியாத நிலை வந்தால் ஒளிந்துகொள்ளக் கூடாது. இரண்டு தவணை தொடர்ந்து தவறிய பிறகே, அதுவும் எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து 21 நாள் கழித்தே காரை எடுக்க முடியும். காரின் விலையில் முக்கால் பங்குக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவு வேண்டும். அந்த அவகாசத்துக்குள் வங்கிக்கு நேரில் போய்ப் பேசினால் தவணையை மாற்றி அமைக்க வழி பிறக்கும்.

சேர்ந்து போகும் வழி

ஒரே தாமானிலிருந்தும் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் நீலாய்க்குப் போகும் பிள்ளைகள் நான்கு பேராவது இருப்பார்கள். ஒரே காரில் போய் பெட்ரோல், டோல் செலவைப் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு மாதம் 40, 50 ரிங்கிட்டில் முடியும். கோயில் குழுவிலோ தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கத்திலோ ஒருவர் பெயர்களைச் சேர்த்தாலே போதும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. செலவைப் பகிர்வது வேறு, கட்டணம் வாங்கி ஆள் ஏற்றுவது வேறு. இரண்டாவதற்குப் பி.எஸ்.வி. உரிமமும் அதற்கான காப்புறுதியும் தேவை.

முடிவு எடுக்கும் முன் குடும்பமாக உட்கார்ந்து நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் எழுதிப் பார்ப்பது நல்லது. வகுப்பு அட்டவணை உண்மையில் எத்தனை நாள், எத்தனை மணி வரை? முதல் இரண்டு மாதச் செலவுக்குக் கையில் ரொக்கம் இருக்கிறதா? படிப்பு முடிந்த பின் எத்தனை மாதம் தவணை மிச்சம் இருக்கும்? அப்பா தோட்டத்து வீட்டை விட இன்னும் எத்தனை ஆண்டு?

முதல் பருவத்தை விடுதியிலோ அறையிலோ ஓட்டிப் பார்த்துவிட்டு, கார் உண்மையிலேயே தேவையா என்று ஆறு மாதம் கழித்து முடிவு செய்வதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. செகண்ட் ஹேண்ட் கார் அப்போதும் சந்தையில் கிடைக்கும்.